டனல் கேட்ட நியாய விலை

கம்பெனி அனுப்பிய வாக்குச் சீட்டிலிருந்த 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களையும் ஆர்வில் டனல் தொடவே இல்லை. அவமதிப்பு தெரியட்டும் என்று, கீழே மட்டும் அரைச் சாண் நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

ஓய்வுபெற்ற அல்ஜீப்ரா வாத்தியார். டெலவேர் மாநிலத்தின் காலைத் தட்டுகளுக்கு ஸ்கிராப்பிள் என்ற பன்றிக்கறிப் பலகாரம் செய்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பங்குகள். சில்லறைப் பங்குதாரர்களைப் பங்குக்கு முப்பத்தோரு டாலர் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, மொத்தத்தையும் தானே எடுத்துக்கொள்ளச் சேர்மன் குடும்பம் பார்த்தது; அதற்குத்தான் இந்த வாக்கெடுப்பு. டனலுக்கு ஐம்பது வேண்டும்.

விலை பிடிக்காதவர் கோர்ட்டில் நியாய விலை கேட்கலாம். சிறியவர்களைக் காக்கவென்றே செய்த சட்டம். அதனால்தான் வாக்குச் சீட்டோடு வந்த நோட்டீஸின் நூற்று எண்பத்து மூன்றாம் பக்கத்தில் எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதைப் படித்தது அவர் மனைவி மேவிஸ்.

"ஆர்வில், கட்டத்தை நிரப்பாம கையெழுத்து மட்டும் போட்டா, விக்கிறதுக்குச் சம்மதம்னு எடுத்துப்பாங்களாம். சம்மதிச்சவங்க கோர்ட்டுக்குப் போக முடியாதாம்."

"எந்த முட்டாள் எழுதினான் அப்படி?"

"கேள்வியை முழுசாப் படிங்கடான்னு முப்பது வருஷம் பசங்ககிட்ட கத்தினியே, நீ படிச்சியா?"

அடுத்த பக்கத்தில், கோர்ட் முப்பத்தொன்றுக்குக் கீழேயும் விலை வைக்கலாம் என்று இருந்தது. அது கோழைகளுக்காக எழுதியது என்றார் டனல்.

வாக்கை ரத்து செய்து, நியாய விலை கேட்டு, உடனே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். ஆண்டுக் கூட்டம் வந்தால் கம்பெனியைக் கிழித்துத் தொங்கவிட்டுக் கடிதம் எழுதுவது அவருக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். கை அந்தத் தடத்திலேயே ஓடிவிட்டது. சேர்மனின் மூளை, ஸ்கிராப்பிளின் ருசி என்று ஏழு பக்கம். வாக்கு ரத்தாயிற்று. நியாய விலையைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. தபாலில் போட்ட பிறகு நகலைப் படித்த மேவிஸ்தான் கண்டுபிடித்தாள்.

வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் கேட்காவிட்டால் உரிமை போயிற்று. கூட்டத்துக்கு இருவரும் காரில் பறந்தார்கள். அங்கே டனல் கையில் மைக் கிடைத்துவிட்டது. சில்லறைப் பங்குதாரர்களின் மானம் பற்றி அவர் இருபது நிமிடம் முழங்க, வாக்கெடுப்புக்கு மணியடிக்கப் போனார்கள். மேவிஸ் கோட்டைப் பிடித்து இழுத்து, தானே எழுதி வந்திருந்த இரண்டு வரியில் அவரிடம் கையெழுத்து வாங்கி, கம்பெனிக் காரியதரிசி மிஸ் பர்னலின் மேஜையில் வைத்தாள்.

மிஸ் பர்னல் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் குறித்து, முத்திரை குத்தினாள்.

"ஒரு நிமிஷம் மிச்சம். உங்க உரிமை பத்திரமா இருக்கு, மிஸ்டர் டனல்."

"இப்பவாவது உங்க வக்கீல் நடுங்குவாரா?"

"நீங்க கோர்ட்டுக்கு வரணுமேன்னு அவர் தவமா கிடந்தார், சார். இந்தக் கம்பெனி பங்குக்குப் பத்து டாலர்கூடப் பெறாதுன்னு பத்தொன்பது வருஷமா நீங்க எழுதின கடிதம் எல்லாத்தையும் ஜட்ஜுக்காக அழகா பைண்ட் பண்ணி வெச்சிருக்கார்."