ஆயுத பூஜைக்கு லீவு எடுக்காத கம்ப்யூட்டர்

ஓசூர்,
விஜயதசமி காலை.

ஊசி போடத் தெரியாத டாக்டராகப் போகும் அக்கா முனிலட்சுமிக்கு, தம்பி கௌதம் வணக்கத்துடன் எழுதுவது. அம்மா, அப்பா, நான், உன் கம்ப்யூட்டர் நால்வரும் இங்கு நலம். பெங்களூரில் உன் நலமும் உன் புரொபசரின் பொறுமையும் எப்படி? போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். அதனால் அங்கே வேலைக்கு வரும் மணி அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காலேஜ் கம்ப்யூட்டருக்குக் க்யூ நீளம் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கை ஏற்றிவிட்டு, "பேட்டரிக்குள்ள லித்தியம் எப்படி நகருதுன்னு ஓடிட்டு இருக்கு, நான் வர்ற வரைக்கும் யாரும் அணைக்காதீங்க, திங்கக்கிழமை இதைக் காட்டினாத்தான் புரொபசர் ஜப்பானுக்கு அனுப்புவார்" என்று பஸ் ஏறினாய். நடுவில் ஆயுத பூஜை வருமென்று லித்தியத்துக்குத் தெரியுமா? நேற்று அப்பா கம்பெனி மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் பொரி பொட்டலத்தோடு வந்தார். இங்கே அம்மா மானிட்டருக்குப் பட்டை போட்டு, மவுஸுக்கும் குங்குமம் வைத்திருந்தாள். பிள்ளையார் பார்த்திருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பார். அப்பா, "எங்க லேத்தே இன்னிக்கு ரெஸ்ட்டு. இதுக்கு மட்டும் என்னாடா ஓவர்டைம்? அணைடா" என்றார். நான் மானிட்டரை மட்டும் அணைத்தேன். அவருக்குத் திரைதான் கம்ப்யூட்டர். மேஜைக்கடியில் இருப்பது ஏதோ ஸ்டெபிலைசர். திருப்தியாகக் கற்பூரம் காட்டினார்.

சாயந்திரம் கரண்ட் போனது. பூஜையன்றும் தவறாமல் டியூட்டிக்கு வந்தது மின்வெட்டு ஒன்றுதான். யூபிஎஸ் கீ கீயென்று கத்த, குட்டு உடைந்தது.

"உள்ள ஓடிட்டுதான் இருக்குதாடா?"

"ஆமாப்பா. இது நின்னா அக்காவோட ஜப்பானும் நின்னுடும்."

என்னை முறைத்தார், மேஜைக்கடியை முறைத்தார், பிறகு வயரைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். அங்கே நாராயணம்மா, "இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாலை போட்டுப் படைச்சிருக்கறேன், இன்னிக்குத் தொடக்கூடாதுண்ணா!" என்று வாசலை மறித்தார்.

"எம் பொண்ணு ராப்பகலா பேட்டரிக்குத்தாம்மா உழைக்குது. ஒரு நாளு பேட்டரி அவளுக்கு உழைக்கட்டுமே!"

மாலையோடு பேட்டரி வேலையில் இறங்கியது. கரண்ட் வரும்வரை அப்பா தெருவின் குறுக்கே தொங்கிய வயருக்கடியில் நின்று, போகிற வருகிற மொபெட்டுக்கெல்லாம் குனியச் சொல்லிக் கை காட்டினார்.

ஆகவே கணக்கு உயிரோடு இருக்கிறது, ஜப்பானுக்குப் பெட்டி கட்டு. எனக்கு ஒரு கேமரா போதும். அம்மா, அப்பா, நாராயணம்மாவின் பேட்டரி ஆகியோரின் ஆசிகள் உனக்கு.

இப்படிக்கு,
உன் லித்தியத்தின் காவல்காரன்,
கௌதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அப்பா குளித்துவிட்டுக் கற்பூரத் தட்டோடு வந்தார். "விஜயதசமிக்கு எல்லா மெஷினையும் நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணணும். பாப்பாவோடதை நானே பண்றேன்" என்று மேஜைக்கடியில் குனிந்து, நேற்றுத்தான் அறிமுகமான அந்தப் பெட்டியின் பட்டனைக் கண்ணை மூடி அழுத்திவிட்டார். "பாருடா, என்னா ஸ்மூத்தா ஓடுது, சத்தமே இல்ல!" என்று பூரித்து நிற்கிறார். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மணி அண்ணன் திரும்பும் பஸ்ஸிலேயே நீயும் ஏறிவிடு, அக்கா. முதலிலிருந்து ஆரம்பிக்க இன்று ரொம்ப நல்ல நாளாம்.