ஜீரோவுக்குப் பயந்த மைனஸ் பாய்

சிதம்பரத்தில் பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் மைனஸ் பாய்தான். பாம்பு, போலீஸ், முதலாளி எதற்கும் அசையமாட்டார். கம்ப்யூட்டர் திரையில் ஜீரோ வந்தால் மட்டும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

அதில் நியாயமும் இருந்தது. மேல வீதி மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீஸில், மெஷின்களுக்கு சி மொழியில் ப்ரோக்ராம் எழுதுவோம். அதில் அடிப்படை வேலைகளுக்கு ஃபங்ஷன்கள் என்று ரெடிமேடாக எழுதி வைத்த குட்டி ப்ரோக்ராம்கள் உண்டு. வேலை முடிந்ததா என்று கேட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும். ஒன்றுக்கு ஜீரோ என்றால் வெற்றி. இன்னொன்றுக்கு அதே ஜீரோ தோல்வி. சில, மைனஸ் ஒன் என்று மட்டும் சொல்லி, காரணத்தை வேறொரு மூலையில் வைத்துவிட்டுப் போகும். உடனே போய்ப் பார்க்காவிட்டால் அடுத்து வருகிற ஃபங்ஷன் அதை அழித்துவிடும். இதனால் பாய் ஒரு வரி வேலைக்கு எட்டு வரி விசாரணை எழுதுவார். நாள் முழுக்க மைனஸ் ஒன்னைத் தேடி அலைந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

விசாரணை ஆபீஸோடு நிற்காது.

"டீ இல்ல பாய்" என்பார் கீழ்க்கடைக்காரர்.

"பால் இல்லியா, கேஸ் இல்லியா?"

"கடைய சாத்தப் போறேன் பாய்."

"அது மூணாவது காரணம். அத மொதல்ல சொல்லணும்ல."

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி, தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி கேட்டிருந்தது. அந்த ஆர்டர் போனால் எங்கள் ஆபீஸும் போகும். டெமோவுக்கு முந்தின நாள் முதலாளி, "சந்தேகம் ரொம்ப ஜாஸ்தி பாய், ஸ்லோவா ஓடுது" என்று சொல்லி, பாயின் விசாரணை வரிகளை எல்லாம் தானே அழித்துவிட்டார்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தொட்டிக்குக் கீழே நின்றார். மோட்டார் ஓடியது. பெட்டியின் திரையில் பச்சையாக 'எல்லாம் சரி' என்று வந்தது. பாய் தன் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஏன்?"

"தண்ணி அளவு படிக்கற ஃபங்ஷன் ஜீரோ குடுக்குது. அதுக்கு ஜீரோன்னா ஒண்ணும் படிக்கலன்னு அர்த்தம். நம்ம பெட்டி அத நல்ல சேதின்னு நெனச்சிக்கிட்டு இருக்குது."

"பாய், சும்மா இருங்க" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

அதற்குள் தொட்டி வழிந்து மேனேஜர் தலையில் அருவியாக விழுந்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திய பாயும் தொப்பலானார். பெட்டியைத் திறந்து பார்த்து, "தண்ணி அளவு பாக்கற ஒயர் மாட்டல சார். ஃபங்ஷன் சொல்லத்தான் செஞ்சுது, நாங்க கேக்கல" என்றார்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தன் சட்டையில் காய்ந்த இடம் தேடினார். கிடைக்கவில்லை. சிரித்துவிட்டார். "தப்பு ஏன் நடந்துச்சுன்னு இங்க ஒருத்தர் ஒடனே சொல்லி இப்பதான் பாக்கறேன். இவரு எழுதற மாதிரியே எழுதி எடுத்துட்டு வாங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்."

திரும்பும்போது பஸ்ஸில் நானும் பாயும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஜெயித்துவிட்டு வருகிறவர் முகம் வாடிக் கிடந்தது.

"பரங்கிப்பேட்டைல பொண்ணு பாத்துட்டு வந்தோம்ல. இன்னும் ஒண்ணுமே சொல்லல."

"போன் போட்டு கேக்க வேண்டியதுதான பாய்?"

"கேட்டா காரணத்த சொல்லிருவாங்களே."

ஊரையே குறுக்கு விசாரணை செய்தவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கேட்கவில்லை. நம்பரை வாங்கிப் பெண்ணின் வாப்பாவுக்கு நானே போட்டேன், ஸ்பீக்கரில்.

"நாங்க என்ன தம்பி சொல்றது? மாப்ள ஊட்லேருந்து சேதி வரும்னு நாங்கல்ல காத்துக்கிட்டு இருக்கோம். புள்ள வேற டெய்லி கேக்குது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முட்லூர் நிறுத்தத்தில் ஈரச் சட்டையோடு குதித்த பாய், பரங்கிப்பேட்டை ஷேர் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு பஸ்ஸிலேயே கிடந்தது.

கல்யாணம் ஜோராக நடந்தது. இப்போது பாய் பரங்கிப்பேட்டையிலேயே தங்கி, வீட்டிலிருந்து வேலை செய்கிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதாக என் வீட்டுக்கு போன் செய்தேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. பஸ் வந்து நின்று கிளம்பிப் போனபோது, நாங்கள் இரண்டு பேரும் அந்த நிறுத்தத்தில்தான் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.