ஒன்றரை மணி அலாரம்

"...இலையில உக்காந்து அரை மணி நேரமாச்சு, ஒரே ஒப்பிட்டை நுள்ளி நுள்ளி வெச்சுட்டு இருக்கறீங்க. சம்பந்தம் புடிக்கலீன்னா நேராச் சொல்லிப்போடுங்கண்ணா. நாங்க ஒன்னும் நெனைச்சுக்க மாட்டோம்."

ஒப்பிட்டுக்கு, அதாவது போளிக்கு, ஊற்ற நெய்க் கிண்ணத்தோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றது பருவதம் அம்மிணி. என் மகள் திவ்யாவுக்குப் பார்த்த எருமப்பட்டி மாப்பிள்ளையின் அம்மா. (ஒன்றும் நினைக்க மாட்டோம் என்று சொல்கிறவர்கள்தான் பேரன் பேத்தி காலம் வரை நினைப்பார்கள்.)

இதில் என் முட்டாள்தனம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை எனக்கு. உடம்பும் லாரி மாதிரியே வளர்ந்து, மூட்டும் சர்க்கரையும் மிரட்டியதால், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். பட்டறை கணக்கில், டீசல் டேங்கைக் கழற்றிவிட்டு மொபெட் டேங்கை மாட்டினார்கள்.

அன்றிலிருந்து என் வயிற்றுக்கு அதிகாரி திவ்யாதான். பிரிட்ஜ் கதவில் டைம்டேபிள். எட்டு மணிக்கு ஒரு முட்டை, பதினொன்றுக்கு மோர், ஒரு மணிக்கு அரைக் கிண்ணம் சாப்பாடு. அதிலும் பருப்போ கோழியோ முதலில், சோறு கடைசியில். கூழாகும் வரை மெல்ல வேண்டும். நடுவில் தண்ணீர் கூடாது. என்னை நம்பாமல் போனில் வேளைக்கு இரண்டு அலாரம், ஆரம்பிக்க ஒன்று, நிறுத்த ஒன்று.

"மாப்பிள்ளை ஊட்டுல முன்னாடியே சொல்லீரலாமுங்க" என்றாள் என் மனைவி சாந்தி.

"நோக்காட்டுக் குடும்பம்னு நெனைச்சுக்குவாங்க. பேச்சு முடியறதுக்குள்ள எவனும் கை நனைக்க மாட்டான். காப்பியோட எந்திரிச்சரலாம்" என்றேன். (என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களின் பட்டியல் தனி.)

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்தால், வேண்டாம் என்று அர்த்தம். பாழாய்ப்போன பேச்சு பன்னிரண்டரைக்கே அமோகமாக முடிந்து, ஒரு மணிக்கு வாழை இலை விழுந்துவிட்டது. ஆரம்பிக்கச் சொல்லும் அலாரத்தை அடிப்பதற்கு முன்பே அணைத்துவிட்டேன், நிறுத்தச் சொல்வதை மறந்துவிட்டேன். திவ்யாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, ஆனால் காலையில் என் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் ஒரே நம்பிக்கை பக்கத்து இலையில் இருந்த மச்சான் செல்வன். அம்மிணி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் என் இலையில் இருந்ததை அவன் இலைக்குத் தள்ளினேன். அரிசிம்பருப்பு சாதம், பச்சைப்பயறு கடைசல், இரண்டு வடை. என் இலையில் காலியான இடத்தில் அம்மிணி சந்தோஷமாக மறுபடியும் வைத்தார். மூன்றாவது ஒப்பிட்டில் செல்வனுக்குக் கண் சொருகியது.

"மாமா, இனி தள்ளுனீங்கன்னா எனக்கும் ஆபரேசன் பண்ணோணுமுங்க" என்று முனகினான்.

அதற்குள் நான் தள்ளுவதை அம்மிணி பார்த்துவிட்டார். நெய்க் கிண்ணத்தோடு வந்து, சம்பந்தம் பிடிக்கவில்லையா என்று கேட்டது அப்போதுதான். பந்தியே என் வாயைப் பார்த்தது. சம்மதத்தைக் காட்ட ஒரு பெரிய கவளத்தை உருட்டினேன். விழுங்கியிருந்தால் அங்கேயே வாந்திதான். கவளம் உதட்டுக்கு வந்தபோது மணி சரியாக ஒன்றரை. சட்டைப் பையில் இருந்த போனில், அலாரத்துக்கென்று திவ்யா பதிந்து வைத்திருந்த குரல் வீடு அதிரக் கேட்டது:

"அப்பா! அரை மணி ஆச்சு! இன்னொரு வாய் வெச்சீங்கன்னா வெளிய வந்துரும்! திருட்டுத்தனம் பண்ணாம எந்திரிங்க!"

அணைக்கலாம் என்றால் கையெல்லாம் நெய். போன் வழுக்கி வழுக்கி மூன்று முறை அதையே சொன்னது. வருங்கால மருமகளின் குரலை அந்த வீடு கேட்டது அன்றுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து ஓடிவந்த சாந்தி, ஆபரேஷன் முதல் டைம்டேபிள் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். நான் சின்னப் பையன் மாதிரி தலை குனிந்துகொண்டேன். சட்டையில் நெய்.

"சீக்கை மறைக்கலாமுங்களாண்ணா?" என்றார் அம்மிணி. குரல் கடுமையாகத்தான் இருந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பி, "பெத்த அப்பனையே இந்த அதட்டு அதட்டுது. உன்னைய மேய்க்க இந்தப் புள்ளதான்டா சரி" என்றார்.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். இன்றைக்கும் எருமப்பட்டியில் யார் இரண்டாவது தரம் சோறு கேட்டாலும், "அப்பா, அரை மணி ஆச்சு!" என்று வீடே கத்துகிறது. மாப்பிள்ளைதான் முதல் ஆள்.

ஆனால் அன்றைக்கு இலை முன்னால் நான் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் இருந்தேன். நான் சாப்பிட்டது கை நனைத்த கணக்கில் சேருமா சேராதா என்று கேட்கவும் பயம். "இப்ப என்னதானுங்க எறங்கும்?" என்று அம்மிணி சாந்தியைக் கேட்டார். "செத்த நேரம் கழிச்சுப் பருப்புத் தண்ணி, ரெண்டு வாய்" என்றாள் சாந்தி. அம்மிணி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய், பீரோவைத் திறந்து, மாப்பிள்ளைக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார். முந்தானையில் துடைத்து, பருப்புத் தண்ணீரை அதில் அளவாக ஊற்றி, என் இலைக்கு நடுவில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.