பின்னாடி மூணு சீட்டு

மலேசியா போகிற விமானத்தில் நாலு மணி நேரம் தன்னை யாரும் 'அப்பா' என்று கூப்பிடக் கூடாது. இதுதான் அறிவழகன் எடுத்த முடிவு. சாதாரண ஆள் எடுத்த முடிவு இல்லை. கடத்தூரில் ஆன்லைன் சென்டர் வைத்து, ஊர் ஆதாரையெல்லாம் திருத்திக் கொடுத்த ஆள் எடுத்த முடிவு.

காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் அன்பு, ஆறு வயசு, வாயைத் திறந்தால் கேள்வி. இளையவன் மாது, மூணு வயசு, வாயைத் திறந்தால் வாந்தி. போன மாசம் பொம்மிடிக்கு டவுன் பஸ் ஏறினார்கள். அன்பு எழுபது கேள்வி கேட்டாள். மாது முன்சீட்டுக்காரர் முதுகைக் குளிப்பாட்டினான். இறங்கும்போது அறிவழகனுக்குச் சட்டையும் தன்னுடையதாக இல்லை, புத்தியும் தன்னுடையதாக இல்லை. பொம்மிடிக்கே இந்தக் கதி என்றால் கோலாலம்பூருக்கு?

அங்கே மச்சான் சத்யராஜ் வேலையில் இருக்கிறான். "லீவுக்கு வந்துட்டுப் போங்க மாமா" என்று டிக்கெட்டும் போட்டு அனுப்பிவிட்டான். எந்த சீட்டு என்று தேர்ந்தெடுப்பது மட்டும் அறிவழகன் பாடு. அவன் விமானம் ஏறினதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே ஊரெல்லாம் தீப்பெட்டியாய்ச் சுருங்குவதை வாய் பேசாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சென்டர் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டுப் படத்தைத் திறந்தான். தனக்கு ஆறாம் வரிசை, றெக்கை மறைக்காத ஜன்னலோரம். பெண்டாட்டி ஜெயபிரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் இருபத்தெட்டாம் வரிசையில் மூணு. மாது அழுதால் இவ்வளவு தூரம் கேட்காது. ஜெயபிரியா கூப்பிட்டால் கேட்கும். ஆனால் கேட்காத மாதிரி இருந்துகொள்ளலாம்.

சண்டை வரும் என்று தெரியும். பதில் மூணு தயார் பண்ணிக்கொண்டு வூட்டுக்குப் போனான். ஜெயபிரியா களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையில் துடுப்பு. அந்த நேரத்தில் பேச்சை எடுக்கத் தனி தைரியம் வேண்டும்.

"பிரியா, இந்தக் கம்ப்யூட்டரப் பாரேன். நம்மளப் பிரிச்சுப் போட்டுடுச்சு."

"அப்டீங்களா?"

"எனக்கு மட்டும் முன்னாடி. உங்க மூணு பேருக்கும் இருபத்தெட்டு. பின்னாடி."

துடுப்பு நின்றது. அறிவழகன் ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

"பின்னாடியா? நெசமாவா?" அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "கடைசிக்குப் பக்கமாங்க?"

"ஆ... ஆமா. கக்கூஸ் கிட்ட."

"அய்யோ, நம்மளுக்கா கெடச்சுது! சரிங்க, சரிங்க. நீங்க பாட்டுக்கு மாத்திகீத்தித் தொலைக்காதீங்க."

அறிவழகனுக்குத் தலை சுற்றியது. கல்யாணமாகி எட்டு வருசத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்னது ஒரே ஒரு தரம். அதுவும் மணவறையில் போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதற்கு. தயார் பண்ணிய மூணு பதிலும் தொண்டையில் நின்றன. கேள்வியே வராவிட்டால் மனுசன் பதிலை எங்கே இறக்கி வைப்பான்?

"ஏம்மா, பின்னாடி சீட்டுல அப்படி என்ன?"

"ஒண்ணுமில்லைங்க."

இந்த 'ஒண்ணுமில்லைங்க' இருக்கிறதே, அதற்குள் ஒரு லாரி லோடு இருக்கும்.

மறுநாள் காலையில் பக்கத்து வூட்டு ரோசம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, பிரியாவுக்குப் பின்னாடி சீட்டாமே? குடுத்து வெச்சவ!"

"பின்னாடி என்னக்கா விசேசம்?"

"அட, ஒண்ணுந் தெரியாத மாதிரிக் கேக்கறதப் பாரு!" ரோசம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவளாவது சொல்வாள் என்று சுவரோரம் பத்து நிமிசம் நின்றான். குக்கர் விசில்தான் வந்தது.

சென்டரில் உட்கார்ந்து நெட்டில் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. பான் கார்டுக்கு வந்த நஞ்சப்பனைப் பிடித்தான். அவர் துபாயில் மூணு வருசம் இருந்தவர்.

"ஏங்க, பிளேன்ல பின்னாடி சீட்டுல என்னங்க இருக்கு?"

"எனக்கென்ன தெரியும் சார்? ஏறுனதும் பயத்துல கண்ண மூடுனவன், துபாய்லதான் தொறந்தேன். ஆனா ஒண்ணு, நான் உக்காந்தது பின்னாடிதான். நல்லாத்தான் தூக்கம் வந்துச்சு."

போதாதா? அறிவழகன் மனசுக்குள் இருபத்தெட்டாம் வரிசை ஒரு சொர்க்கமாக வளர்ந்தது. சோறு முதலில் அங்கேதான் வருமோ? சீட்டு கட்டில் மாதிரி மடியுமோ? கம்ப்யூட்டரையே கையில் வைத்திருக்கிற நமக்குத் தெரியாத ஒன்று, களி கிண்டுகிறவளுக்கு எப்படித் தெரிந்தது? அதற்கு மேல், அவள் கண்ணாடி முன்னால் நின்று, "இருபத்தெட்டு, இருபத்தெட்டு" என்று மெட்டுப் போட்டுத் தலை வாரினாள்.

பெங்களூர் ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கும்போது அவனால் தாங்க முடியவில்லை.

"பிரியா, ரெண்டு பிள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு நீ ஒருத்தியே கஷ்டப்படுவே."

"சமாளிச்சுக்குவேங்க."

"மாது வாந்தி எடுப்பான்."

"அது என்ன புதுசுங்களா?"

"அன்பு கேள்வி கேட்டே கொன்னுடுவா. நான் வேணா பின்னாடி போறேனே?"

ஜெயபிரியா வெடுக்கென்று திரும்பினாள். "பாத்தீங்களா, பாத்தீங்களா! எனக்கு நல்லதா ஒண்ணு கெடச்சா ஒங்களுக்குப் பொறுக்காதே! வாழ்க்கையில மொத தரம் கெடச்ச எடம். தர மாட்டேன்."

"நான் ஒரு நல்லதுக்குச் சொன்னா..."

"போங்க மாமா, நீங்க ஜன்னலோரமே உக்காருங்க."

அவள் மறுக்க மறுக்க இவனுக்கு வெறி ஏறியது. கெஞ்சினான். முறைத்தான். பிள்ளைகள்மேல் தகப்பனுக்குப் பாசம் இருக்கக் கூடாதா என்று கண்ணைக்கூடக் கசக்கினான். பின்னால் நின்றவர்கள் 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி, எடுத்துக்குங்க. வர்றப்பவாச்சும் எனக்கு விட்டுத் தரணும்."

"சத்தியமா!" என்றான் அறிவழகன். ஜெயித்துவிட்டான்.

இருபத்தெட்டாம் வரிசை. ஜன்னலோரம் அன்பு, நடுவில் மாது, நடைபாதை ஓரம் அறிவழகன். ஜன்னல் முழுக்க அன்புவின் பின்மண்டை. கீழே ஊர் சுருங்கியதா விரிந்ததா என்று அந்த மண்டைக்குத்தான் தெரியும்.

"ப்பா, பிளேனுக்கு ஹாரன் எங்கப்பா? ப்பா, டிரைவர் தூங்கிட்டா? ப்பா, மேகம் ஏன் மோதல?"

சோற்று வண்டி கடைசியாக வந்தது. இருந்தது ஒரே பொட்டலம். அதில் பாதி அன்பு தின்றாள். மீதியை மாது தின்று, ஐந்து நிமிசத்தில் அப்பன் மடியிலேயே திருப்பிக் கொடுத்தான். கக்கூஸுக்கு நின்றவர்கள் வரிசையாக அவன் காலை மிதித்தார்கள். பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிகிறபோதெல்லாம் மாதுவுக்கு ஒண்ணுக்கு முட்டியது. அறிவழகன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். விசேசம் எப்படியும் வரும். இன்னும் நேரம் இருக்கிறது. ஏணியா, திரையா, எதுவோ ஒன்று வரும்.

விமானம்தான் தரையில் வந்து முட்டியது.

ஈரச் சட்டையோடு, ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒரு பிள்ளையைக் காலிலும் தொங்கவிட்டு வெளியே வந்தான். ஜெயபிரியா வாரின தலை கலையாமல், தூங்கி எழுந்த முகத்தோடு நின்றிருந்தாள்.

"கடல் எவ்ளோ அழகுங்க! றெக்கை மறைக்காத சீட்டாப் பாத்துப் பாத்துப் போட்டிருக்கீங்க மாமா."

"அது கம்ப்யூட்டரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அதற்குத் தெம்பு இல்லை. ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

"பிரியா, நெசமாச் சொல்லு. பின்னாடி சீட்டுல அப்படி என்னதான் விசேசம்?"

அவள் மாதுவின் மூக்கைத் துடைத்துவிட்டு, வெகு அக்கறையாகக் கேட்டாள்:

"நானா அங்க உக்காந்து வந்தேன்? நீங்கதாங்க சொல்லணும்!"