மூன்றே முக்கால் மணி நேரப் படம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் உங்களுக்குத் தபாலில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிடையர் ஆன பிறகும் "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்கிறீர்களே, என்ன செய்வது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். தியேட்டரில் ப்ரொஜெக்டருக்கு மட்டும் லேசாக இருமல். விடுமுறை பத்து நாளும் அரங்கு நிறையாவிட்டால் தியேட்டரில் அக்காவுக்குள்ள பாதிப் பங்கைக் கட்டில், பீரோ கடைக்காரருக்கு விற்றுவிடப் போவதாகப் போன கடிதத்தில் உத்தரவு போட்டிருந்தீர்கள். அந்தப் பத்து நாள் கதையைத்தான் எழுதுகிறேன்.

வழக்கம்போல் ஒரு மாதம் முன்பே வாசலில் பெட்டி வைத்து, விடுமுறைக்கு என்ன படம் வேண்டும் என்று சீட்டு எழுதிப் போடச் சொன்னோம். சீட்டில் பெயரும் எழுத வேண்டும் என்பது அப்பா காலத்து விதி. பெயர் போட வேண்டும் என்றால் நம் பேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் ரசனை வந்துவிடும். இருநூற்றுப் பதினான்கு பேர், ஒரு கிழவர் தொலைந்த செருப்பைத் தேடி மலையேறும் மூன்றே முக்கால் மணி நேரப் படத்தைக் கேட்டார்கள். போன வருடம் இதே மாதிரிப் படத்துக்கு வந்தது நாலு பேர். ஒருவர் தூங்க வந்தவர், இன்னொருவர் அவரை எழுப்பிக் கூட்டிப் போக வந்தவர். ஊர் வாய்க்குப் பயந்து படத்தை வரவழைத்து வைத்தேன். நீங்களோ, "சிரிப்பா, சின்னதா, ஒண்ணரை மணி நேரத்துல முடியணும்" என்று, நீங்களே கம்பெனியில் பேசி நாய்க்குட்டிப் படத்தை ஏற்பாடு செய்தீர்கள். நானும் தலையாட்டினேன்.

இந்தக் காலத்துப் படத்துக்குப் பூட்டு உண்டு அத்தான். கம்பெனி அனுப்பும் சாவி, நாம் எழுதிக் கொடுத்த தேதிகளில் மட்டும்தான் திறக்கும். அந்தத் தேதிகளை எழுதிக் கொடுத்தது நீங்கள். முப்பது வருடம் லீவு லெட்டர் எழுதிய கை, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளைப் படத்தின் முதல் நாளாகப் போட்டுவிட்டது. முதல் நாள் காலை நாய்க்குட்டி வாலைக்கூட ஆட்டவில்லை. கம்பெனியில் போனை எடுக்க ஆளில்லை, அவர்களுக்கும் விடுமுறை. "அண்ணே, கைவசம் சாவியோட இருக்கறது செருப்புப் படம்தான்" என்றார் ஆபரேட்டர். வருவது வரட்டும், போடு என்றேன். கல்லடிக்குத் தயாராக வெளியே வந்தால், வரிசை முனைக்கடை வரை நிற்கிறது. கவுண்ட்டர் அம்மாவிடம் ஓடினேன். "என்ன படம்னு யாரும் கேக்கல தம்பி. எத்தனை மணிக்கு விடும்னுதான் கேக்குறாங்க. மூணேமுக்கால் மணி நேரம்னு சொன்னா முகம் அப்படியே மலருது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுமுறை என்றால் வீட்டுக்கு வீடு விருந்தாளி. ஒருவர் மாமனாரைக் கொண்டுவந்து நடு வரிசையில் உட்காரவைத்துவிட்டு நழுவினார். பல் டாக்டர் தன் வீட்டு விருந்தாளிகளுக்குத் தப்பித்துத் தானே வந்து, இடைவேளையை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். சீட்டு எழுதிய ரசிகர்கள் அத்தனை பேரும் வந்து நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள். ஐந்தாம் நாள் கம்பெனி புதுச் சாவி அனுப்ப, உங்கள் வார்த்தைக்காக நாய்க்குட்டியைப் போட்டேன். "இவ்வளவு சீக்கிரம் விட்டா எப்படிங்க? வீட்டுல இன்னும் பேசிக்கிட்டிருப்பாங்களே" என்று என் சட்டையைப் பிடிக்காத குறை. மறு காட்சியே செருப்புக்குத் திரும்பினேன்.

அந்த ஒரு காட்சி நீங்கலாகப் பத்து நாளும் அரங்கு நிறைந்தது அத்தான். கட்டில் கடை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எனக்கு இந்த ஒரு கூடம்தான். இதைப் பூட்டினால் காலையில் எழுந்து எங்கே போவது என்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. பெரியவர் நீங்கள், முடிவு உங்கள் கையில். எதுவானாலும் கட்டுப்படுகிறேன். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்

பி.கு.: முடிவு உங்கள் கையில் என்று மேலே எழுதியது ஒரு மரியாதைக்கு. பங்கு அக்கா பெயரில் இருக்கிறது, அக்கா விற்க மாட்டாளாம். மூட்டு வலி டாக்டரிடம் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, பத்து நாளும் காலைக் காட்சிக்கு வந்து கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "உன் வீட்டுக்குத்தான் விருந்தாளியே வரலையேக்கா" என்றேன். "உங்க அத்தான் ரிடையர் ஆகி எட்டு மாசம் ஆச்சுடா. இதையும் வித்துட்டா நான் எங்க போய் உக்காருவேன்?" என்றாள்.