பிரேக் லைற்றும் மாப்பிள்ளை பிடித்த காலும்

ஒரு வாகனத்தில் எப்போதும் இருக்கிற பழுது நல்ல பழுது. வந்து வந்து போகிற பழுதுதான் ஆளைக் கொல்லும். நீங்கள் குனிந்து பார்த்தால் மறைந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் திரும்பி வரும். (பல்லுவலியும் இப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் ஓடிவிடும்.) அப்படியொரு பழுதால் என் அக்காவின் கலியாணம் நடுவழியில் நின்றுபோகப் பார்த்தது.

நாங்கள் மீள்குடியேறி, முதல் போகம் விதைத்திருந்த காலம். அடம்பனுக்கு அப்பால் எங்கள் காணியில் தகரக் கொட்டில் போட்டிருந்தோம். முகாமில் இருந்தபோது அக்காவுக்குப் பேசிய சம்பந்தங்கள் இரண்டும் பேச்சோடு நின்றுபோயின. மூன்றாவது நானாட்டானிலிருந்து வந்தது. பொம்பிளை பார்க்க வருகிற அன்று ராகுகாலத்துக்கு முன் எங்கள் வாசலை மிதிக்க வேண்டும். அது மாப்பிள்ளையின் தாய்மாமன் போட்ட ஒரே நிபந்தனை.

"இதுவும் குழம்பினா இனி ஆர் கேட்டு வரப்போகினம்?" என்று அம்மா விடிந்ததிலிருந்து புலம்பினாள். அக்கா சேலையைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு வழி காட்டுவது என் பொறுப்பு. எங்கள் ஊருக்குள் போகிற கிரவல் பாதையின் இரண்டு பக்கமும் மண்டையோடு கீறிய மிதிவெடிப் பலகைகள் அப்போதும் நின்றன. பாதையை விட்டு ஒரு அடி இறங்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் ஊர்க்காரன் ஒருவனை முன்னால் விடுவார்கள். அவன் போனால் போவார்கள், நின்றால் நிற்பார்கள். அதுதான் அந்த நாளைய சட்டம். பக்கத்துக் காணி வாத்தியாரிடம் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போய், அடம்பன் சந்தித் தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

"தம்பி, வாங்கு ஆடுது. காலை ஆட்டாதையும். காலாட்டுற இடத்தில சீதேவி தங்காள்" என்றார் கடைக்காரர்.

"நான் எங்க ஆட்டினனான்?" என்றேன். (உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.)

உழவு இயந்திரம் வந்தது. பின்பெட்டியில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டு மாப்பிள்ளை வீட்டார் அமர்ந்திருந்தார்கள். மாமி ஒருவரின் மடியில் பயற்றம் பணியாரத் தட்டு. ட்ரைவர் அண்ணை என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "முன்னேர் போன வழியிலதான் பின்னேர். நீர் பிரேக் பிடிச்சா நானும் பிடிப்பன். வேற கதையில்லை."

புறப்பட்டோம். கிரவல் பாதையில் திரும்பிச் சிறிது தூரம் போயிருப்பேன். பின்னால் ஒரு இழுவைச் சத்தம், அதன் மேல் ஒரு கூக்குரல். திரும்பிப் பார்த்தால் உழவு இயந்திரம் நிற்கிறது, பெட்டிக்குள் கதிரைகள் படுத்திருக்கின்றன.

"ஏன் தம்பி நிண்டனீர்?"

"நான் நிக்கேல்லையே அண்ணை!"

"சிவப்பு லைற் எரிஞ்சதே!"

இறங்கிப் பார்த்தேன். லைற் எரியவில்லை. மிதியை அமத்தினேன், எரிந்தது. விட்டேன், அணைந்தது. பச்சைப்பிள்ளை போல் ஒரு குற்றமும் இல்லை.

மறுபடி புறப்பட்டோம். மறுபடி இழுவை, கூக்குரல். இம்முறை ட்ரைவர் அண்ணை இறங்கி வந்து, மிதிக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிச்சின் ஸ்பிரிங்கை விரலால் இழுத்துப் பார்த்தார். "இளகிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, நட்டைத் திருகி, ஏறி உட்கார்ந்தார். வெயில் ஏறுகிறது, ராகுகாலம் வருகிறது, அக்கா என்ன செய்கிறாளோ என்ற நினைப்பிலேயே வண்டியை எடுத்தேன்.

மூன்றாம் முறை பணியாரத் தட்டே பறந்தது. "ஐயோ, பணியாரம் முழுக்கத் திரும்பவும் மாவாப் போச்சு!" என்று மாமி அலறினார்.

"பல்பைக் கழட்டி எறிவம் அண்ணை" என்று கெஞ்சினேன்.

"கழட்டினா, நீர் உண்மையா நிக்கேக்க எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு பக்கமும் மண்டையோடு பல்லிளிக்குது."

"வயரில தண்ணி இறங்கியிருக்கும்" என்றேன்.

"மழை பேஞ்சு எத்தினை மாசம்?" என்றார் மாமி. "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு!"

தாய்மாமன் எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. "மூண்டு தரம் மறிச்ச பயணம். இது மனிசன் மறிக்கேல்லை. மெசினைத் திருப்பு."

அந்தப் பாதையில் உழவு இயந்திரத்தைத் திருப்ப இடமில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். ட்ரைவர் அண்ணை "ரிவேசில போகலாம்" என்று அந்த ஆறுதலையும் பறித்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளை பெட்டியிலிருந்து குதித்தார். அதுவரை பெட்டி மூலையில் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். வெள்ளைச் சேட்டில் பயற்றம் மா. நேராக வந்து என் பின்னால் ஏறிக்கொண்டார்.

"மாமா, நான் தம்பியோட போறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ."

வண்டியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் என் தோளுக்கு மேலால் எட்டி, கீழே பார்த்தார்.

"மச்சான், உம்மட வலக்கால் என்ன, தையல் மெசினே மிதிக்குது?"

குனிந்து பார்த்தேன். பிரேக் மிதியின் மேல் என் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது! வண்டியை மறிக்கிற அளவுக்கு அல்ல, லைற்றை எரிக்கிற அளவுக்கு மட்டும். நான் அக்காவை நினைக்க நினைக்கக் கால் ஆடியிருக்கிறது. கால் ஆட ஆட அவளுடைய கலியாணம் நின்று நின்று வந்திருக்கிறது.

"நிப்பாட்ட ஏலாதே?"

"நிப்பாட்டத்தான் பாக்கிறன்... அது கேக்குதில்லை."

அவர் எட்டி, என் வலது முழங்காலோடு களிசான் துணியைக் கொத்தாகப் பிடித்து, காலை மிதியிலிருந்து தூக்கிவிட்டார். பிடித்த பிடியை வீடு வரைக்கும் விடவில்லை. பின்னால் உழவு இயந்திரம் ஒரு இடத்திலும் நிற்காமல் வந்தது. ராகுகாலம் பிறக்கச் சற்று முன் தாய்மாமன் எங்கள் வாசலை மிதித்தார்.

தகர இடுக்கால் எட்டிப் பார்த்த அக்கா தன் புருஷனை முதன்முதலில் கண்ட கோலம் அதுதான். எல்லாரும் போனபின் கேட்டாள்: "அவர் ஏன்ரா உன்ர காலைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர்?"

"பிரேக் லைற் பழுது" என்றேன்.

கலியாண நாளில் முறைப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவக் குனிந்தேன். பொம்பிளையின் சகோதரன் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். அத்தான் மோதிரத்தை எடுத்துக்கொண்டு சபை கேட்கக் கேட்டார்: "இதைக் கைக்குப் போடவோ, அந்தக் காலுக்குப் போடவோ?" சிரித்த சிரிப்பில் தாய்மாமனின் தலைப்பாகை கழன்றது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்கு வாகனம் புறப்பட்டால் நான் முன்னால் போகக் கூடாது; கடைசி வாகனத்தின் கடைசி இருக்கைதான் எனக்கு. அந்தப் பணியாரத்து மாமி விடுவாரா? புதிதாக யார் சம்பந்தம் பேசி வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வார்:

"ஊரில மச்சான்தான் மாப்பிள்ளையின்ர காலைப் பிடிப்பான். எங்கட பொடியன் இவன்ர காலைப் பிடிச்சுத்தான் பொம்பிளை எடுத்தவன்!"