என் காந்தத்துக்கு வைத்த பொட்டு

நுண்ணோக்கி செய்கிறவர்கள் அதற்கு நெற்றி என்று ஓர் இடம் விடாதது யார் குற்றம்? என்னுடையது இல்லை. இதை இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் அப்போது எனக்குத் தற்காலிக வேலை. மூன்றே அணு அடுக்குத் தடிமன் உள்ள காந்தப் படலம் ஒன்றைக் கட்டி மேய்க்க வேண்டும். அதற்குள் காந்தம் ஒற்றுமையாக இருக்காது. திட்டுத் திட்டாகப் பிரிந்து, ஒரு திட்டு மேலே பார்த்தால் பக்கத்துத் திட்டு கீழே பார்க்கும். (எங்கள் குடும்பத்துக் கல்யாணப் பேச்சு மாதிரி.) துளி மின்சாரம் கொடுத்து அந்தத் திட்டுகளை நான் சொன்ன இடத்துக்கு நகர்த்தி, நுண்ணோக்கி வழியே திரையில் காட்ட வேண்டும். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் மதிப்பீட்டுக் குழு வருகிறது. காட்டினால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பூஜையன்று ஆய்வக உதவியாளர் மஞ்சுளா அக்கா (ஜோகுபாளையத்தில் எங்களுக்கு அடுத்த தெரு) சந்தன, குங்குமக் கிண்ணங்களோடு வந்தார்.

“எல்லா மெஷினுக்கும் வெச்சாச்சு மேடம். இது ஒண்ணுதான் மொட்டையா நிக்குது. ஸ்வல்ப வெச்சா என்னா ஆயிடும்?”

அறிவியல், தூசு, மூடநம்பிக்கை என்று அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, அவர் மேஜையில் விட்டுப்போன கிண்ணத்திலிருந்து எடுத்து, நுண்ணோக்கியின் உச்சியில் தாராளமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

குழு வந்தது. மின்சாரம் கொடுத்தேன். திரையில் திட்டுகள் சமர்த்தாக நகர்ந்தன. ஓரத்தில் கறுப்பாக ஒன்று மட்டும் அசையவில்லை. மின்சாரத்தைக் கூட்டினேன். ம்ஹூம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“எதுக்கும் அடங்காத அபூர்வத் திட்டு சார் இது. இதை வெச்சே தனியா ஒரு கட்டுரை எழுதலாம்” என்றேன்.

குழுத் தலைவர் அமைதியாக, “சாம்பிளைக் கொஞ்சம் தள்ளுங்கம்மா” என்றார்.

தள்ளினேன். படலத்தோடு எல்லாத் திட்டுகளும் போயின. அபூர்வம் மட்டும் அங்கேயே நின்றது. அவர் எழுந்து வந்து, படலத்துக்கு மேலே நுண்ணோக்கியோடு அசையாமல் பொருத்தியிருந்த கண்ணாடியை விரலால் தொட்டுக் காட்டினார். சிவப்பு! காய்ந்த குங்குமம் மேலிருந்து உதிர்ந்து அங்கே விழும் என்று யார் கண்டார்கள்?

டீத் தட்டோடு நின்ற மஞ்சுளா அக்கா, “நீங்களேவா வெச்சீங்க மேடம்? அன்னிக்கு எனக்கு அவ்ளோ பேசினீங்களே!” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

வேலை என்னவோ நீடித்தது. மூன்று அணுத் தடிமனில் காந்தத்தை என் சொல்படி நடக்க வைத்தவள் நான்! ஆனால் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்கா எங்கள் தெரு வரைக்கும் செய்தி சொல்லிவிட்டார். போன மாதம் கூட ஒரு வரவேற்பில் மாமா என்னை யாருக்கோ அறிமுகப்படுத்தினார்:

“நம்ம பொண்ணு. பெரிய சயின்டிஸ்ட். குங்குமத்துக்கே கரண்ட் குடுத்துப் பார்த்தவ.”